ராத்திரி எத்தனை மணிக்கு?

பார்க்கின்சன் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வீட்டார் கை நடுக்கத்தைச் சொல்வார்கள், நடை தளர்ந்ததைச் சொல்வார்கள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போதுதான், "ராத்திரி உறக்கமே இல்ல டாக்டரே, ஒரு மாத்திரை எழுதித் தாங்க" என்பார்கள். அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எப்பேர்ப்பட்ட மருத்துவரும் அதிகம் செய்ய முடியாது. பார்க்கின்சனில் உறக்கம் கெடுவது என்பது ஒரு கோளாறு அல்ல, ஐந்தாறு கோளாறுகள். ஒன்றுக்குத் தருகிற மருந்து இன்னொன்றைக் கெடுக்கும். எந்தக் கோளாறு என்பதைக் காட்டிக்கொடுப்பது கடிகாரம். அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். ஒரு சாயாவில் முடிகிற விஷயம் இல்லை. இரண்டாவதையும் இப்போதே சொல்லி வைத்துவிடலாம்.

முதலில் ஒரு நோட்டுப் பக்கம். பாறசாலைப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் முன்னாள் ரப்பர் வெட்டுக்காரர். ஆறேழு வருஷமாகப் பார்க்கின்சன். மருமகள் ஒரு ராத்திரியை இப்படி எழுதுகிறாள்:

8.00 – கடைசி மாத்திரை.
9.30 – படுத்தார்.
10.15 – கால் என்னவோ செய்யுது, தேய்த்துவிடு என்றார். எழுந்து நடந்தார்.
12.40 – ஒண்ணுக்கு.
1.50 – புரள முடியவில்லை என்று கூப்பிட்டார்.
3.30 – கையை வீசினார், "விடுலே" என்று சத்தம். கண் மூடித்தான் இருந்தது.
4.45 – இடது பாத விரல் மடங்கி வலி.
6.00 – மாத்திரை. ஏழு மணிக்குச் சரியாகிவிட்டார்.
11.00 – பத்திரிகை மடியில் கிடக்க உறக்கம்.

உறக்கம் இல்லை என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் ஒரு மாத்திரையோடு முடிந்திருக்கும். இந்தப் பக்கத்தில் தனித்தனியாகப் பார்க்கவேண்டிய ஆறு விஷயங்கள் இருக்கின்றன.

ராத்திரிக்கும் இந்த நோய்க்கும் என்ன சம்பந்தம்?

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல், ஆறு பேரை வைத்து இந்த நோயைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதினார். நோய் முற்றும்போது உறக்கம் கலைவதை அவரே குறித்திருக்கிறார். பிறகு நெடுங்காலம் மருத்துவர்களின் கவனம் நடுக்கத்திலும் விறைப்பிலுமே நின்றது. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால் அசைவு கெடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அழிவு அங்கே மட்டும் நிற்பதில்லை. உறக்கத்தையும் விழிப்பையும் மாற்றி மாற்றி நடத்துகிற மூளைத்தண்டின் செல்களையும், சிறுநீர்ப்பை, குடல், ரத்த அழுத்தம் இவற்றைக் கவனிக்கும் நரம்புகளையும் அது தொடுகிறது. ஆகவே ராத்திரித் தொந்தரவு வயசின் கோளாறோ வீண் கவலையோ அல்ல. நோயின் ஒரு பகுதி. கை நடுக்கத்துக்கு மருந்து கேட்கிற மாதிரியே இதற்கும் கேட்கலாம்.

இனி அந்த நோட்டை ஒவ்வொரு வரியாகப் படிப்போம்.

10.15: கால் என்னவோ செய்யுது

படுத்த உடனே காலுக்குள் ஊர்கிற மாதிரி, இழுக்கிற மாதிரி ஒரு அவஸ்தை. எழுந்து நடந்தால் குறையும், படுத்தால் திரும்பும். அசைய வேண்டும் என்ற உந்துதலும், சாயங்காலத்துக்கு மேல் கூடுவதும் இதன் அடையாளம். வெறும் மூட்டுவலி என்று தைலம் போட்டே பல வீடுகளில் காலம் போகிறது. இதற்குக் கேட்கவேண்டிய முதல் ரத்தப் பரிசோதனை ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு. அது குறைவாக இருந்தால் ஈடுகட்டினாலே பலருக்குக் கால் அடங்கும். இதில் ஒரு கவனம் வேண்டும். இரும்பு மாத்திரையையும் பார்க்கின்சன் மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். சில அலர்ஜி மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் இந்தக் கால் அவஸ்தையைக் கூட்டும். அதனால் எல்லா மாத்திரை அட்டைகளையும் டாக்டர் முன் வைக்கவேண்டும்.

12.40: ஒண்ணுக்கு

ஒரு ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழுந்தால் உறக்கம் துண்டு துண்டாகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, இருட்டில் விழுவது. சாயங்காலம் ஆறேழு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைக்கலாம். அதற்காகப் பகலில் குறைக்கக் கூடாது. மலச்சிக்கல் கூடும், ரத்த அழுத்தம் இறங்கும். கால் வீக்கம் இருப்பவர்கள் மத்தியானம் காலை உயர்த்தி வைத்து ஒரு மணி நேரம் படுத்தால், ராத்திரி வெளியேற வேண்டிய நீர் பகலிலேயே வெளியேறிவிடும்.

கட்டிலிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது இந்த நோயில் சகஜம். காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் எழ வேண்டும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைப்பதும் உதவும். பிரஷர் மாத்திரையை ராத்திரி சாப்பிடுகிறவர்கள் இந்தத் தலைசுற்றலை டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். கழிப்பறை முற்றத்தைத் தாண்டி இருக்கிற பழைய வீடு என்றால் கட்டிலுக்குப் பக்கத்தில் யூரின் பாத்திரமோ கமோடு நாற்காலியோ போட்டுவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கைதான்.

1.50: புரள முடியவில்லை

நம் வீடுகளில் யாரும் சொல்லாத தொந்தரவு இது. விறைத்துப்போன உடம்பு வைத்த இடத்திலேயே கிடக்கும். நாம் அறியாமலே ராத்திரி பலமுறை புரள்கிறோம். இவர்கள் ஒவ்வொரு புரளலுக்கும் முழுசாக விழிக்கவேண்டியிருக்கிறது. காரணம் நோட்டின் முதல் வரியில் இருக்கிறது: கடைசி மாத்திரை எட்டு மணிக்கு.

இந்தப் பக்கம் 'சிண்டோபா' என்று கேட்டு வாங்குகிற மாத்திரையில் இருப்பது லெவோடோபாவும் கார்பிடோபாவும். லெவோடோபாவின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரம் போதும். நோயின் ஆரம்பத்தில் மூளையே டோபமைனைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் இது உறைப்பதில்லை. வருஷங்கள் போகப்போக அந்தச் சேமிப்பு சுருங்கிவிடும். மொட்டைமாடித் தொட்டி உடைந்த வீட்டில் மோட்டார் ஓடும்வரைதான் குழாயில் தண்ணீர் வரும். அந்த நிலைமைதான் இது. எட்டு மணி மாத்திரையின் பலன் நள்ளிரவுக்கு முன்பே தீர்ந்து, மறுநாள் ஆறு மணிவரை உடம்பு மருந்தில்லாமல் கிடக்கிறது. இவருக்கு உறக்க மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும்? விறைத்த உடம்பு மயங்கியும் கிடக்கும்.

மெதுவாகக் கரையும் 'சி.ஆர்.' வகை மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்குச் சேர்ப்பது, மாத்திரை வேளைகளை மாற்றி அமைப்பது என்று டாக்டரிடம் வழிகள் உண்டு. சி.ஆர். மாத்திரையை இடித்துப் பொடியாக்கியோ மென்றோ சாப்பிடக் கூடாது. அப்படிச் செய்தால் மெதுவாகக் கரைகிற குணமே போய்விடும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது நிறைய. பஞ்சு அமுங்கிய மெத்தையில் உடம்பு புதைந்துபோகும். உறுதியான மெத்தை வேண்டும். பாலராமபுரம் கைத்தறி விரிப்பு நம் வெயிலுக்கு அருமைதான், ஆனால் பருத்தியோடு பருத்தி உரசினால் உடம்பு நகராது. இடுப்பு படுகிற இடத்தில் மட்டும் வழுவழுப்பான சாட்டின் துணியைக் குறுக்கே போட்டு இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். பாதம் படுகிற இடத்தில் பருத்தியே இருக்கட்டும்; உந்துவதற்குப் பிடிமானம் வேண்டும். சாரம் காலில் சுற்றிக்கொள்ளும். தளர்ந்த கால்சட்டை மேல்.

புரள்வதைப் பகலிலேயே பழக்கலாம். மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதத்தை மெத்தையில் ஊன்றவேண்டும். எந்தப் பக்கம் திரும்பவேண்டுமோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பவேண்டும். எதிர்ப்பக்கத்துக் கையை நெஞ்சுக்குக் குறுக்கே வீசி, அதே நேரத்தில் மடக்கிய முழங்கால்களையும் அந்தப் பக்கம் சாயவிடவேண்டும். கட்டில் ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருந்தால் பாதி வேலை முடிந்தது. நிற்கவேண்டுமானால், பக்கவாட்டில் திரும்பிய பிறகு காலைக் கீழே இறக்கி, முழங்கையை ஊன்றி எழவேண்டும். நேராக எழ முயன்றால் முடியாது.

3.30: "விடுலே!"

இதுதான் வீட்டாரை அதிகம் பயமுறுத்துவது. கனவு காணும் உறக்கத்தில் நம் உடம்பின் தசைகள் எல்லாம் செயலற்றுக் கிடக்கவேண்டும். மூளைத்தண்டில் உள்ள ஒரு நரம்புக் கூட்டம் அதைப் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கூட்டம் பழுதானால், கனவில் நாயைத் துரத்துகிறவர் கட்டிலில் உதைப்பார், கனவில் சண்டை போடுகிறவர் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியைக் குத்துவார். விடியற்பக்கம் கனவு உறக்கம் அதிகம் என்பதால் இது பெரும்பாலும் ராத்திரியின் பின்பாதியில் நடக்கும். தட்டி எழுப்பினால் சட்டென்று தெளிந்து, கண்ட கனவைச் சொல்வார்கள்.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் இருவரும் 1986-இல் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார்கள். வேறு எந்த நரம்பு நோயும் இல்லாமல் இது மட்டும் இருந்த 29 ஆண்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 11 பேருக்குச் சில வருஷங்களில் பார்க்கின்சன் வகை நோய் வந்ததை 1996-இல் எழுதினார்கள். அதாவது, கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே கனவில் கை வீசத் தொடங்கலாம். அதற்காகக் கனவில் உளறுகிற எல்லோரும் பயப்படவேண்டாம். அடிக்கடி கை கால் வீசுகிறவர்கள் நரம்பு மருத்துவரைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இது பேயும் இல்லை, செய்வினையும் இல்லை, மனைவி மேல் உள்ள கோபமும் இல்லை. மருந்துக்கு முன் பாதுகாப்பு. படுக்கையைத் தாழ்வாக்குங்கள், கட்டிலின் இரண்டு பக்கமும் தரையில் மெத்தை போடுங்கள், வெட்டுக்கத்தி, கண்ணாடி டம்ளர், கூர்முனை மேஜை எதுவும் கையெட்டும் தூரத்தில் வேண்டாம். கூடப் படுப்பவர் கொஞ்ச நாள் தனிக் கட்டிலில் படுத்தால் தப்பில்லை. இதற்கு மருத்துவர்கள் தருவது பெரும்பாலும் மெலடோனின் அல்லது குறைந்த அளவு குளோனாஸிபாம். பின்னது விழுவதையும் குழப்பத்தையும் கூட்டும். பெருங்குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்று போகிறவருக்கு இன்னும் கெடுதல். அதனால் குறட்டையையும் நோட்டில் எழுதுங்கள்.

4.45: விரல் மடங்குகிறது

மருந்து தீர்ந்த உடம்பின் அடுத்த அறிகுறி இது. விடியற்காலையில் பாத விரல்கள் மடங்கி, கால் முறுக்கிக்கொண்டு வலிக்கும். ஆறு மணி மாத்திரை வேலை செய்தவுடன் போய்விடுகிறது என்று மருமகள் எழுதியிருக்கிறாளே, அதுதான் துப்பு. வலி மாத்திரையால் இது தீராது. மாத்திரை வேளையைத்தான் சரிசெய்யவேண்டும். மாத்திரையைத் தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே விழுங்கிவிடுவது நல்லது. கடலைக்கறி, மீன், பால் இவற்றின் புரதம் குடலில் லெவோடோபாவுக்குப் போட்டியாக நிற்கும். பால் சாயாவோடு சேர்த்து விழுங்கிவிட்டு, மாத்திரை பிடிக்கவே இல்லை என்பவர்கள் நிறையப் பேர்.

11.00: பத்திரிகை மடியில்

பகல் உறக்கத்துக்கு ராத்திரி கெட்டது ஒரு காரணம். இன்னொரு காரணம் மருந்து. பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் வகை மாத்திரைகள் சிலருக்கு முன்னறிவிப்பே இல்லாமல் உறக்கத்தைக் கொண்டுவரும். வண்டி ஓட்டும்போதே உறங்கிப்போய் விபத்துக்குள்ளான நோயாளிகளைப் பற்றி 1999-இல் நியூயார்க் மருத்துவர்கள் எழுதிய பிறகுதான் உலகம் விழித்தது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் ஸ்கூட்டரையும் ரப்பர் கத்தியையும் தொடுமுன் டாக்டரிடம் கேட்கவேண்டும்.

இதே மாத்திரைகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. ராத்திரி முழுக்க உறங்காமல் ரேடியோவைக் கழற்றி மாட்டுவது, ஒரே பொருளை அடுக்கி அடுக்கிக் கலைப்பது, அடக்க முடியாமல் சூதாடுவது. கேரள அரசு லாட்டரி 1967 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2003-இல் தடை வந்த பிறகு இஞ்சிவிளை, பாறசாலைப் பக்கத்து டிக்கெட் கடைகளுக்கு எல்லை தாண்டியும் ஆள் வருகிறது. ஒரு சீட்டுக்கூட எடுக்காத மனுஷன் திடீரென்று கட்டுக்கட்டாக எடுக்க ஆரம்பித்தால் திட்டாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைத்தால் பலருக்கு அது தணியும்.

பகலில் அரைமணி உறக்கம் தப்பில்லை, மூன்று மணிக்கு முன்பாக இருக்கட்டும். காலை வெயிலில் நடப்பதும் பகலில் உடம்புக்கு வேலை கொடுப்பதும் ராத்திரி உறக்கத்துக்கு உதவும். மத்தியானத்துக்குப் பிறகு அமன்டாடினோ செலிஜிலினோ சாப்பிடுகிறவர்கள் வேளையை மாற்றலாமா என்று கேளுங்கள். இரண்டும் உறக்கத்தை விரட்டும். சாயாவும் அப்படித்தான், நாலு மணியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

யாரோ நிற்கிறார்கள்

அந்த நோட்டில் இல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். கட்டிலோரம் குழந்தைகள் நிற்பதாக, பூனை ஓடுவதாகச் சிலர் சொல்வார்கள். திடீரென்று வந்தால் முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் உப்பு குறைந்தது, புதிதாகச் சேர்த்த மாத்திரை இவற்றைத்தான் தேடவேண்டும். நடுக்கத்துக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் பேசிடேன் வயதானவர்களுக்கு இந்தக் குழப்பத்தைத் தரக்கூடியது. குழப்பத்தை அடக்க ஹாலோபெரிடால், வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட், தலைசுற்றலுக்கு ஸ்டெமெடில்: இந்த மூன்றும் டோபமைனை மறித்துப் பார்க்கின்சனையே முடுக்கிவிடும். ராத்திரி அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "இவருக்குப் பார்க்கின்சன்" என்பதுதான் நாம் சொல்லும் முதல் வார்த்தையாக இருக்கவேண்டும்.

எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே பை

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சொந்தபந்தம் களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கிடக்கிறது, வைத்தியமும் அப்படித்தான். பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரியில் பிரஷருக்கு ஒரு சீட்டு, நாகர்கோவிலில் நரம்புக்கு ஒரு சீட்டு, முடியாமல் போனால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் அல்லது ஸ்ரீசித்ரா. 1976-இல் தொடங்கி, 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அசைவுக் கோளாறுகளுக்கென்றே தனி மையம் உண்டு. அவ்வளவு பக்கத்தில் அப்படி ஒரு இடம் இருப்பது இந்த ஊர்களின் அதிர்ஷ்டம். ஆனால் மூன்று ஊர்ச் சீட்டிலும் ஒவ்வொரு உறக்க மாத்திரை இருந்தால், நோயாளி மூன்றையும் சாப்பிடுவார். மாத்திரைகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும், எங்கே போனாலும் அந்தப் பை கூடவே போகட்டும்.

அந்தப் பையில் வைத்தியசாலைப் பொடியும் சேர்த்தி. நாய்க்குரணை என்று இந்தப் பக்கமும் பூனைக்காலி என்று அந்தப் பக்கமும் சொல்லும் விதையில் லெவோடோபா இருப்பது கட்டுக்கதை அல்ல. 1937-இல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதனால்தான் கவனம் தேவை. டாக்டர் கணக்குப் பார்த்துத் தந்த அளவுக்கு மேல் அது கணக்கில்லாமல் சேர்ந்தால் உடம்பு தானாக நெளியும், கனவும் தோற்றங்களும் கூடும். இன்னொரு எச்சரிக்கை: உறக்கம் கெடுகிறது என்று பார்க்கின்சன் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

மாத்திரையை மாற்றுவது டாக்டரின் வேலை. ராத்திரியை எழுதுவது நம் வேலை. ஒரு வாரம் எழுதினால் போதும்: மாத்திரை வேளை, படுத்த நேரம், விழித்த நேரம், ஏன் விழித்தார், பகலில் எப்போது உறங்கினார். கை வீசுவதைச் செல்போனில் அரை நிமிஷம் படம் பிடித்தால் ஒரு பக்கம் எழுதியதற்குச் சமம்.

கடைசியாக நோட்டில் இன்னொரு பத்தி போடுங்கள்: கூட இருப்பவர் எத்தனை மணி நேரம் உறங்கினார்? மேலே உள்ள பக்கத்தை மறுபடி பாருங்கள். 10.15, 12.40, 1.50, 3.30, 4.45 ஐந்து தடவையும் எழுந்தது அந்த மருமகளும்தான். மாதக்கணக்கில் இப்படிப் போனால் நோயாளி இருவர் ஆவார்கள். அதையும் டாக்டரிடம் சொல்லலாம். வாரத்தில் இரண்டு ராத்திரி மகனோ பேரனோ காவல் இருக்கலாம். கேரளத்தில் 2008-இல் பாலியேட்டிவ் கொள்கை வந்தது முதல், பஞ்சாயத்துகள் வழியாக வீடு தேடி நர்ஸ் வரும் ஏற்பாடு இருக்கிறது. படுக்கையோடு இருப்பவர்களுக்கு வார்டு ஆஷா பணியாளரிடம் பெயர் கொடுத்தால் போதும். புற்றுநோய்க்கு மட்டும்தான் அது என்று நினைத்து இந்தப் பக்கம் பலர் கேட்பதே இல்லை. கேளுங்கள்.